பேஸ் எங்கே போச்சு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (நிலாவெளி வாசகர்): அண்ணா, என்னுடைய ஆக்சியோ காருக்கு மூன்று மாதத்துக்கு முன் பன்னிரண்டு அங்குல சப்வூஃபரும் (பேஸ் என்ற அடித்தொனியைத் தரும் ஸ்பீக்கர்), ‘1000 வாட்’ என்று எழுதிய அம்ப்ளிஃபயரும் (அம்ப்) பூட்டினேன். டிக்கியைத் திறந்து பின்னால் நின்றால் நெஞ்சு அதிர்கிறது. டிக்கியை மூடிவிட்டு முன் சீற்றில் வந்து இருந்தால் பேஸே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் இரவில் ஹெட்லைற் துடித்துத் துடித்து மங்குகிறது. பூட்டிய இடத்தில் கேட்டால், ‘அம்ப் காணாது, பெரிசு போடுங்கோ’ என்கிறார்கள். இன்னும் காசு போடலாமா?

பதில்: போட வேண்டாம் தம்பி. உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. பின்னால் நின்றால் அதிர்கிறது என்றால் சப் நன்றாக வேலை செய்கிறது. அந்தச் சத்தம் முன்னுக்கு வராதது ஒரு கோளாறு, லைற் மங்குவது வேறொரு கோளாறு. பெரிய அம்ப் போட்டால் முதலாவது தீராது, இரண்டாவது இன்னும் மோசமாகும்.

லைற்றில் இருந்து தொடங்குவோம். பெட்டியில் அச்சடித்த 1000 வாட்டை மறந்துவிட்டு, அம்பின் பக்கத்தில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கிறது என்று வைப்போம். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட். பற்றரியிடமிருந்து அது தொடர்ந்து இழுக்கக்கூடியது அவ்வளவுதான். கரண்டைக் குறைவாக வீணாக்கும் நல்ல டி கிளாஸ் வகை அம்ப் என்றாலும் அதில் ஐந்தில் ஒரு பங்காவது சூடாகப் போய்விடும். சப்புக்கு வந்து சேர்வது 330 வாட் அளவில். ஒரு காருக்கு அது தாராளம். ஆனால் அந்த 30 அம்பியரும் வழியில் தடையில்லாமல் வர வேண்டும்.

வருகிறதா என்று பார்க்க ஒரு மல்டிமீற்றர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஃபோனில் 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றைப் போட்டு, சத்தமாக வையுங்கள். பற்றரி முனைகளில் வோல்ட்டை அளவுங்கள், பிறகு அம்பின் பவர் முனையிலும் எர்த் முனையிலும் அளவுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வயரிலோ எர்த்திலோ கரண்ட் வீணாகிறது.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான். திருகோணமலை டச்சு பே கடற்கரையோரம் இரவும் பகலும் நிற்கும் கார் ஒன்று என்னிடம் வந்தது. பற்றரியில் 13.9, பேஸ் விழும் நேரம் அம்பில் 11.2. சிவப்பு வயரில் இழப்பு அரை வோல்ட்கூட இல்லை. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். எர்த் வயரைப் பெயின்ற்றின் மேலேயே வைத்து ஒரு சின்ன ஸ்குரூவால் இறுக்கியிருந்தார்கள். ஸ்குரூவைக் கழற்றினால் அதன் கீழே பழுப்பு நிறத்தில் மா மாதிரித் துரு, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஸ்குரூவின் மரைகூடத் தேய்ந்து வழுவழுப்பாகி இருந்தது. பக்கத்திலேயே கட்டித் தகடு உள்ள ஓர் இடத்தைப் பார்த்து, அரத்தாளால் பெயின்ற்றைச் சுரண்டி, உலோகம் பளபளவென்று தெரிந்த பிறகு போல்ட், பல்லு வொஷர், நட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அதே பாட்டு, அதே சத்தம், 13.4 வோல்ட். சொந்தக்காரர் தன் காரா என்று திரும்பிப் பார்த்தார். செலவு ஒரு போல்ட்டும் நட்டும்.

உங்கள் எர்த் வயரையும் அப்படிச் செய்யுங்கள். அரை மீற்றருக்கு மேல் நீளம் வேண்டாம், பவர் வயரின் தடிப்புக்குக் குறையவும் கூடாது. பற்றரியிலிருந்து காரின் பொடிக்கு (உலோக உடலுக்கு)ப் போகும் எர்த்தையும், பற்றரியின் வயதையும் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம் பவர் வயர். நுனியைக் கொஞ்சம் சீவி, ஒரு நூலைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உப்புக் காற்றில் சீக்கிரம் பொடியாகியும் விடும். வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. படகுகளுக்குப் போடுவது அந்த வயர்தான், கரையோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். பற்றரிக்கு ஒன்றரை அடிக்குள் வயரில் ஒரு பியூஸ் கட்டாயம். இது பேஸுக்காக அல்ல, கார் தீப்பிடிக்காமல் இருக்க.

இனி முன்னுக்கு வராத பேஸ். ஆக்சியோ போன்ற கார்களில் டிக்கி தனி அறை. நடுவில் பின் சீற்றும் அதற்கு மேலே பலகையும். பேஸ் அந்த அறைக்குள்ளேயே சுற்றி நம்பர் பிளேட்டை ஆட்டுவதோடு முடிந்துவிடுகிறது. பின் சீற் மடியுமானால் ஒரு பக்கத்தை மடித்துவிட்டுக் கேளுங்கள். பேஸ் குபீரென்று முன்னுக்கு வந்தால் நோய் தெரிந்துவிட்டது. சப் இருக்கும் பெட்டியைப் பின் லைற்றுப் பக்கம் பார்க்கத் திருப்பி, டிக்கியின் பின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துப் பாருங்கள். அரை அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். போதாவிட்டால் சப்பை முன்பக்கம் திருப்பி, பின் சீற்றுக்குப் பக்கத்தில் வைத்து, பெட்டியைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பலகையாலும் ஸ்பொஞ்சாலும் அடையுங்கள். இரண்டும் நான் செய்து பார்த்தவை. ஒரு காருக்கு முதலாவது சரிவரும், இன்னொன்றுக்கு இரண்டாவது.

அதோடு, பலரும் கவனிக்காத விசயம் ஒன்று: கதவு ஸ்பீக்கர் தள்ளும் நேரத்தில் சப் இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 80 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாலேகால் மீற்றருக்கு மேல். டிக்கியிலிருந்து உங்கள் காதுக்கு உள்ள தூரமும் கதவிலிருந்து உள்ள தூரமும் வேறு. ஆகவே எந்தப் பக்கம் சரி என்று கணக்குப் போட்டுச் சொல்வதைவிடக் கேட்டுப் பார்ப்பதே சுலபம். நீங்கள் ஓட்டும் சீற்றில் இருங்கள், டிக்கி மூடியிருக்கட்டும், தம்பியோ நண்பரோ அம்பில் உள்ள, சப்பின் தள்ளலை இழுப்பாக மாற்றும் 0 – 180 சுவிட்சை மாற்றட்டும். சுவிட்ச் எட்டாத இடத்தில் இருந்தாலோ, இல்லாவிட்டாலோ, செற்றை நிறுத்தி சப்புக்குப் போகும் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டுங்கள். எதில் பேஸ் கூடுகிறதோ அதுவே உங்கள் காருக்குச் சரி.

செற்றிங் விசயத்தை வேகமாகச் சொல்கிறேன். லோ பாஸ் (அந்த அளவுக்கு மேலான ஒலியைச் சப்புக்கு விடாமல் வெட்டுவது) 80 ஹேர்ட்ஸ். சப்சொனிக் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) இருந்தால் 25க்கும் 30க்கும் இடையில், அதைத் தெரியாமல் மேலே திருகி வைத்துவிட்டு பேஸ் இல்லை என்று வந்தவர்கள் உண்டு. பேஸ் பூஸ்ட் பூச்சியம். ரேடியோவின் மெனுவில் சப்வூஃபர் ‘ஓன்’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அம்பில் உள்ள கெயின், ரேடியோவின் சிக்னலுக்கு அம்பைப் பொருத்தும் திருகு; அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்து முழுக்கத் திருப்ப வேண்டாம். சப்பைக் கழற்றிவிட்டு, ரேடியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, அதே 50 ஹேர்ட்ஸ் ஒலியைப் போட்டு, அம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளவுங்கள். 4 ஓம் சப்புக்கு 300 வாட் வேண்டுமென்றால் ஏறக்குறைய 34 வோல்ட், 2 ஓம் என்றால் 24. அந்த இடத்தில் கெயினை நிறுத்துங்கள். வீட்டுக் கரண்டும் 50 ஹேர்ட்ஸ்தான், அதனால் சாதாரண மீற்றரும் இதைச் சரியாகக் காட்டும்.

எல்லாம் முடிந்தபின் நான் போட்டுக் கேட்பது தவில். தவிலின் அடித்தொனிப் பக்கமான தொப்பியில் குச்சி விழும் ஓசை முன் கண்ணாடிப் பக்கத்திலிருந்து, வலந்தலையின் விரல் ஓசையோடு சேர்ந்து வர வேண்டும். கோணேசர் கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்று கேட்டவருக்கு அந்தச் சேர்மானம் தெரியும். தொப்பி மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டால், லோ பாஸை 70க்கு இறக்கி, சப்பின் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

இன்னொரு வகைக் காரர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிக்கியைத் திறந்து பார்த்தாலும் சப் அசையவே மாட்டேன் என்கிறது, அம்ப் மட்டும் சுடுகிறது என்றால், அது இரட்டைக் கொயில் (கம்பிச்சுருள்) சப்பா என்று பாருங்கள். நாலு முனை இருக்கும். பேனாப் பற்றரி ஒன்றை ஒரு கொயிலின் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ். கோன் (சப்பின் அசையும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும். மற்றக் கொயிலிலும் அப்படியே. லிங்கநகரிலிருந்து வந்த ஒரு வானில் ஒன்று வெளியே தள்ளியது, மற்றது உள்ளே இழுத்தது. முனையின் நிறக்குறி அழிந்திருந்ததால், பூட்டியவர் ஒரு கொயிலைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டார். இரண்டு கொயிலும் ஒரே கோனை எதிரெதிராகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. வயரை மாற்றியதும் சப் உயிர்பெற்றது. இரண்டு 4 ஓம் கொயிலைப் பக்கம் பக்கமாகக் கொடுத்தால் 2 ஓம், தொடராகக் கொடுத்தால் 8 ஓம். 8 ஓம் என்றால் அம்பின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): எனது வானில் சப் இரண்டு வருடம் நன்றாக வேலை செய்தது. போன மாரிக்குப் பிறகு பேஸ் ‘புஸ்’ என்று காற்றுப்போன மாதிரி. சப் பழுதாகிவிட்டதா?

பதில்: நீங்கள் சொன்ன ‘காற்றுப்போன’ என்ற சொல்லே சரி, ஐயா. பெட்டியைப் பாருங்கள், சப்பை அல்ல. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வண்டிக்குள் ஏறும் ஈரம் எம்டிஎஃப் பலகையை ஊதவைத்து மூலையைப் பிளந்துவிடும். மூடிய பெட்டி என்றால் கோனை நாலு விரலால் மெல்ல, நேராக உள்ளே அமுக்கி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். டக்கென்று வந்தால் எங்கோ கசிவு. 30 ஹேர்ட்ஸ் ஒலியைச் சின்னச் சத்தத்தில் போட்டு, கொளுத்திய ஊதுபத்தியை மூட்டுகள், வயர் முனைத் தட்டு, சப்பின் விளிம்பு என்று சுற்றிக் கொண்டுபோங்கள். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. மரப் பசையும் மரத்தூளும் குழைத்து அடையுங்கள். சிலிக்கன் பூசினால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுச் சப்பைப் பூட்டுங்கள், அந்தப் புளித்த ஆவி உள்ளே உள்ள செம்பை அரிக்கும். பலகை ஊதிப்போயிருந்தால் ஒட்டுப்போடாமல், மரைன் பிளைவுட்டில் அதே கொள்ளளவுக்குப் புதுப்பெட்டி அடியுங்கள்.

கேள்வி (மூதூர் வாசகர்): காரோடு வந்த ரேடியோவை மாற்ற விருப்பமில்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்து கன்வேட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை அம்புக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) வைத்து அம்புக்கு எடுத்தேன். பேஸ் முதலிலிருந்தே குறைவு, சத்தம் கூட்டக் கூட்ட இன்னும் குறைகிறது.

பதில்: இரண்டு காரணம் சேர்ந்திருக்கக்கூடும். முதலிலிருந்தே குறைவு என்றால், கன்வேட்டருக்கு வந்த நாலு வயரில் ஒரு பக்கத்தின் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கலாம். பாட்டுகளில் பேஸ் இடதிலும் வலதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சப் அம்ப் இரண்டையும் கூட்டும்போது ஒன்று தலைகீழாக இருந்தால் கூட்டல் கழித்தலாகிவிடும். அம்பிலிருந்து ஒரு பக்க ஆர்சிஏ பிளக்கை (சிக்னல் வயரின் பிளக்) கழற்றிப் பாருங்கள். ஒன்றைக் கழற்றியதும் பேஸ் கூடினால் இதுதான் கோளாறு. ஏதாவது ஒரு பக்கத்து வயர் இரண்டையும் மாற்றிப் பூட்டுங்கள்.

கூட்டக் கூட்டக் குறைவது ரேடியோவின் வேலை. காரோடு வரும் பல ரேடியோக்கள், சின்னக் கதவு ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, சத்தம் ஏறும்போது தாமாகவே பேஸை வெட்டும். ரேடியோ வெட்டியதைச் சாதாரணக் கன்வேட்டரால் திருப்பிக் கொடுக்க முடியாது. ரேடியோவைப் பாதிச் சத்தத்தில் நிறுத்தி, கன்வேட்டரிலும் அம்பிலும் கெயினைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், வெட்டிய பேஸைச் சரிக்கட்டும் டிஎஸ்பி என்ற கருவி ஒன்று வாங்கலாம். அதன் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், சப் அவுட் உள்ள வேறு ரேடியோ அதைவிடக் குறைவாகவே கிடைக்கக்கூடும். பழைய ரேடியோவை அதன் சொக்கற்றோடு வயர் வெட்டாமல் கழற்றி வைத்திருந்தால், வேண்டும்போது திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.