எதிராளி இல்லாத தத்துவம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகமொன்றில் தத்துவம் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் பாடத்திட்டம் தேலிஸில் தொடங்கி விட்கென்ஸ்டைனில் முடிகிறது. அடுத்த ஆண்டு ‘மேலைநாடு சாராத சிந்தனைகள்’ என்றொரு விருப்பப்பாடம் சேர்க்கவிருக்கிறோம். காண்ட்டுக்கே நேரம் போதவில்லையே, மொழிபெயர்ப்புகளை நம்பலாமா என்று துறையில் கேட்கிறார்கள். நியாயப்படுத்தப்பட்ட உண்மையான நம்பிக்கை மட்டுமே அறிவாகிவிடாது என்று கெட்டியர் 1963இல் சொன்னதை நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்ற பெருமிதமாவது மாணவர்களுக்குக் கிடைக்கும் அல்லவா? எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

தத்துவ அறிஞர்களான தயா கிருஷ்ணாவும் ரேகேயும் 1983இல் புனேயில் கூட்டிய உரையாடலைப் பற்றி நான் மீண்டும் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. ஆங்கிலவழியில் தத்துவம் பயின்றவர்களும் சமஸ்கிருத மரபில் ஊறிய பண்டிதர்களும் அங்கே எதிரெதிரே அமர்ந்து ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸலின் கருத்துகளை விவாதித்தார்கள். ரஸ்ஸல் சொல்வது சரிதானா என்று பண்டிதர்களிடம் கேட்கப்பட்டது. ஒரு மரபுக்குச் செய்யத்தக்க உண்மையான மரியாதை அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

நேரம் போதாது என்பதை விடுங்கள். எந்தப் பாடத்திட்டமும் பலவற்றைத் தள்ளித்தான் சிலவற்றைக் கொள்கிறது. பிளேட்டோவை மொழிபெயர்ப்பில் கற்பிப்பவர்கள் பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனருக்கு மட்டும் மூலமொழி கேட்பதற்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஆனால் நீங்கள் சொல்லும் பெருமிதத்தை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. இறைச்சி வாட்டுவதற்காக அப்போதுதான் மூட்டப்பட்ட நெருப்பில் புகை இன்னும் எழவில்லை. வாசனைக்கு மொய்த்த பூச்சிக்கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவன் புகையென்று கருதி, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவுசெய்கிறான். நெருப்பு இருப்பது உண்மை. அவன் அதை அறிந்தானா? 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மோத்தரர் தரும் எடுத்துக்காட்டு இது. ‘நாங்கள் முன்பே சொன்னோம்’ என்று இதைக் கெட்டியருக்கு அருகில் வைத்துவிட்டு நகர்ந்தால் தர்மோத்தரர் வெறும் முன்னோடியாகிவிடுவார்; அதன்பின் அவரை யாரும் வாசிக்க வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர், மூடிய கைக்குள் எத்தனை சோழிகள் என்று குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்பவனைக் காட்டி, அறிவுக்கு வரையறையே சாத்தியமில்லை என்று, அறிவையும் தருக்கத்தையும் ஆராய்ந்த நியாய மரபைத் தாக்கினார். அந்த நியாய மரபைச் சேர்ந்த 14ஆம் நூற்றாண்டின் கங்கேசர் அந்தத் தாக்குதலின் நிழலில்தான் எழுதினார். அவருக்கு அறிவு என்பது காரணங்களிலிருந்து பிறக்கும் ஒரு நிகழ்வு. அது உண்மையறிவாவது அதைப் பிறப்பித்த காரணத்தின் நலத்தால். நம்பிக்கை, உண்மை, நியாயப்படுத்தல் என்று கூறுபோட்டுத் தொடங்கும் கெட்டியரின் களமே வேறு. எது மேலான களம் என்று மாணவர்கள் மோதிப்பார்க்கட்டும். ஸ்ரீஹர்ஷரை நீக்கிவிட்டுக் கங்கேசரை மட்டும் கற்பித்தால் அந்த மோதலுக்கே இடமிராது.

என் மாணவப் பருவத்தில் இந்தியத் தத்துவம் தனித்தாளாக இருந்தது. அளவைகள் (அறியும் வழிகள்) எத்தனை, பதார்த்தங்கள் (பொருள்வகைகள்) எத்தனை என்று மனப்பாடம் செய்தோம். அபாவத்தை, அதாவது இன்மையை, தனிப் பதார்த்தமாக ஒருவர் ஏன் கொண்டார், இன்னொருவர் ஏன் மறுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. டெகார்த்துடன் சண்டையிடப் பழக்கப்பட்ட அதே நாங்கள், வைசேஷிக மரபின் முதல்வரான கணாதர் முன் கைகூப்பி நிற்கப் பழக்கப்பட்டோம். பின்னர் கல்லூரிக்கு வெளியே ஒரு பெரியவரிடம், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைச் சொல்லி மறுக்கும் பரபக்கம் பாடம் கேட்டேன். கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதன் தரப்பை நான் சொல்லி முடித்ததும், “இதைக் கேட்டால் உலகாயதன் ஒத்துக்கொள்வானா?” என்பார். மாட்டான் என்றால் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் அழுத்தமான சைவர். உலகாயதனை அவரளவுக்கு மதித்த இன்னொருவரை நான் கண்டதில்லை. பரபக்கம் முடிந்த பின்னரே தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் என்பது அந்நூலின் அமைப்பு மட்டுமன்று, சிந்திக்கும் ஒழுக்கம். மணிமேகலையும் பல சமயங்களின் வாதிகளான சமயக்கணக்கர் ஒவ்வொருவரின் திறத்தையும் கேட்ட பிறகே பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள்.

இந்தக் குறை இந்தியத் தத்துவத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. பெல்ஜிய மதப்பணியாளர் டெம்பெல்ஸ் 1945இல் ஆப்பிரிக்காவின் பாண்டு (Bantu) மக்களின் தத்துவம் என்று ஒன்றை எழுதினார். ஒரு மக்கள்திரள் முழுமைக்கும் ஒரே கருத்தைச் சூட்டுவது தத்துவமாகாது என்று பின்னர் கடுமையாக மறுத்தவர் பெனின் நாட்டின் பவுலின் ஹூண்டோன்ஜி. ஆப்பிரிக்கர்களும் ஆப்பிரிக்கர்களுடன் முரண்படுவார்கள் என்ற எளிய உண்மைக்காக அவர் போராட வேண்டியிருந்தது. உங்கள் விருப்பப்பாடத்தின் பெயரைப் பாருங்கள். நாகார்ஜுனரையும் சீனத்து மென்சியஸையும் இஸ்லாமிய உலகின் இப்னு சீனாவையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்துவதற்கு, அவர்கள் ஐரோப்பியர்கள் அல்லர் என்பதைத் தவிர அங்கே வேறென்ன காரணம் இருக்கிறது? இப்னு சீனா அரிஸ்டாட்டிலோடு வாதிட்டவர். அவரை அரிஸ்டாட்டிலிடமிருந்து பிரித்துத் தனி அறையில் அடைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தனித்தாள் வேண்டாம். அறிவுக் கோட்பாட்டு வகுப்பில் கெட்டியரை நடத்தும் அதே வாரத்தில் தர்மோத்தரரையும் ஸ்ரீஹர்ஷரையும் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் கங்கேசர். தேர்வில், கங்கேசரின் விடை எங்கே தோற்கிறது என்று ஒரு கேள்வி வையுங்கள். தோற்கவில்லை என்று வாதிடும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.