பருப்பு மண்டிக்கு ஒரு திரை: ரங்கூனிலிருந்து சில பதில்கள்

ரங்கூனில் பருப்பு மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. கோயில் திருவிழாவில் பிடித்து நிறுத்திக் கேட்டவர்கள், வைபரில் கேட்டவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே பதில்.

பெகுவிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலை மூன்று பேர் திறந்து வேலை செய்கிறோம். கரண்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகிறது. எல்லாத் திரைகளையும் வெப்புக்கு மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. கெடுவது திரை அல்ல, பகிர்ந்து வைத்த ஃபைல். மூன்று கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக நேரே அதற்குள் கை வைக்கின்றன. டேபிள்களை மட்டும் போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றி, பழைய திரைகளை ஓடிபிசி என்னும் இணைப்பு வழியாக அதில் இணையுங்கள். போஸ்ட்கிரெஸ் எழுதப்போவதை முதலில் லாக் என்னும் குறிப்பேட்டில் குறித்துக்கொள்ளும். கரண்ட் வந்து எழும்போது அரைகுறை வேலையைத் தானே தள்ளிவிடும். ஒரு யூபிஎஸ்தான் வாங்க முடியும் என்றால் அது சர்வருக்கு. ஆக்சஸின் 2 ஜிபி எல்லையும் இதோடு தீர்ந்தது.

மோல்மேனிலிருந்து ஒருவர்: முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தேன். கணக்குப்பிள்ளை இரண்டாவதில் வெறும் புள்ளி வைத்து விடுகிறார்.

அவர்மீது தப்பில்லை. பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; நமக்கும் அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. ஒரே பெட்டி போதும். ஊ, டோ, கோ, மா என்னும் மரியாதைச் சொல்லைத் தனிப் பத்தியில் (டேபிளின் நெடுவரிசையில்) வையுங்கள். இன்று கோ (இளைஞர்) ஆக இருப்பவர் நாளை ஊ (பெரியவர்) ஆவார். பெயரோடு ஒட்டிவிட்டால் அகரவரிசையில் பாதி ஊரும் ஒரே இடத்தில் வந்து குவியும். நம் ஆட்கள் பலருக்கு அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். அதற்கும் ஒரு பத்தி வேண்டும், தேடல் இரண்டிலும் தேட வேண்டும்.

ரங்கூன்: பழைய வாடிக்கையாளர் பெயரைப் பர்மிய எழுத்தில் தேடினால் கிடைப்பதில்லை. சில வரிகள் குழம்பியும் தெரிகின்றன.

அவை ஸாவ்ஜி என்னும் பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியவை. தமிழில் 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம்) க-வை முதலில் வைக்கும், கொம்பு பிறகுதான். பர்மியக் கொம்பும் அப்படியே. ஸாவ்ஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பை முதலில் சேமிக்கும். நம் பழைய தமிழ் எழுத்துரு பாமினியும் இந்த மாதிரிதான். ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்ததால் பார்த்தவுடன் அகப்பட்டுவிடும். ஸாவ்ஜி யூனிகோடின் பர்மிய எண்களையே எடுத்துக்கொண்டது, அதனால் எது எதுவென்று டேட்டாபேஸுக்குத் தெரியாது.

2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய வரிகளில் தேடத் தொடங்குங்கள். எல்லா வரியையும் மொத்தமாக ஸாவ்ஜியை யூனிகோடாக்கும் புரோகிராமில் போட்டுவிடாதீர்கள், நன்றாக இருந்த யூனிகோடு வரிகளும் கெடும். கூகுளின் மியான்மர் டூல்ஸ் என்னும் மென்பொருள், ஒரு வரி ஸாவ்ஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். நடுவில் நிற்பவற்றை உட்கார்ந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை. இனி வருவதைத் திரையிலேயே மாற்றி, டேபிளுக்குள் யூனிகோடு மட்டும் போகட்டும்.

அதே நண்பர்: எடையை வீசையில் வைப்பதா, கிலோவிலா?

எதில் நிறுத்தீர்களோ அந்த எண்ணும் அலகும் அப்படியே. பர்மா வீசை சுமார் 1.63 கிலோ (பேர் நம்முடையது, எடைதான் ஊர் வீசையைவிடக் கூடுதல்). கிலோவாக மட்டும் வைத்தால் 3 வீசை திரும்பி வரும்போது 2.99 என்று நிற்கும். திருட்டுப் பட்டம் உங்களுக்குத்தான். கிலோக் கணக்கைச் சர்வர் பக்கத்துப் பத்தியில் போடட்டும்.

பணத்திலும் கவனம். ஒருமுறை ஆண்டு மொத்தத்துக்கு நான் 32 பிட் எண் வைத்தேன். அதன் உச்சம் 2,147,483,647. பர்மியப் பணமான கியாட்டில் அது 21,474 லட்சம், பெரிய மண்டிக்கு அது எம்மாத்திரம்! மார்ச் கடைசியில் ரிப்போர்ட் நின்றுபோய், முதலாளி முன்னால் நான் வழிந்தேன். 64 பிட் வையுங்கள்.

பெகு அக்கா ஒருவர்: தேடலில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் புரோகிராம் விழுகிறது.

தட்டியதை எஸ்க்யூஎல் வரியோடு (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையோடு) ஒட்டுகிறீர்கள் அக்கா. பாராமீட்டராக, அதாவது கட்டளையோடு கலக்காமல் தனி மதிப்பாக, அனுப்புங்கள். இன்றே. விஷமக்காரன் கையில் அதே குறி டேபிளையே அழிக்கும்.

மாண்டலே: இருப்பு 40 மூட்டை என்று திரையில் பார்த்துத்தான் விற்றோம். மாலையில் மைனஸ் 10.

இரண்டு பேர் ஒரே 40-ஐப் பார்த்து ஆளுக்கு 25 விற்றிருப்பீர்கள். திரையில் இருப்பது பார்த்த நேரத்து எண், அதை நம்பிக் கழிக்கக் கூடாது. கழிக்கும் அப்டேட் வரியிலேயே 'இருப்பு 25-க்குக் குறையாமல் இருந்தால்' என்று நிபந்தனை போடுங்கள். ஒரு வரியும் மாறவில்லை என்று பதில் வந்தால் விற்பனை நடக்கவில்லை. டேபிளிலும் இருப்பு சுழியத்துக்குக் கீழே போகாதபடி செக் கட்டுப்பாடு வையுங்கள். நாளை யாராவது வேறு திரை எழுதினாலும் அது காக்கும். அப்புறம், தரவுத்தளத்தின் ஆங்கிலப் பிழையைக் கடைப் பையனிடம் காட்டாதீர்கள். "இன்னொருவர் இப்போதுதான் விற்றார், மீதி 15 மூட்டை" என்று சொன்னால் அவனே பேரத்தை மாற்றிக்கொள்வான்.

தாட்டோன்: கல்லாவில் இருக்கும் என் அப்பா மவுஸைத் தொடமாட்டார்.

தொட வேண்டாம். எண்டர் அடித்தால் அடுத்த பெட்டி, பில் எழுதும் அதே வரிசையில். சேமிக்க, கீபோர்டின் மேல் வரிசையில் உள்ள ஒரு எஃப் சாவி. அரைநாள் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, கை எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.