ஸ்டார்ட்அப்புக்கு என்ன விலை? வேல்யுவேஷன் பற்றிய கேள்வி பதில்

கே: எங்களுக்கு வருமானம் இன்னும் தொடங்கல சார். 10 வருஷத்துக்கு டிசிஎஃப் (வரப்போற பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைச்சுப் போடற கணக்கு) போட்டு வெச்சிருக்கேன். அதைக் காட்டி விலை கேட்கலாமா?

ப: வேண்டாம். உங்க ஷீட்ல டிஸ்கவுன்ட் ரேட்டை, அதாவது வருங்காலப் பணத்தை வருஷாவருஷம் குறைக்கற விகிதத்தை, 30 சதவீதத்துலேருந்து 40-க்கு மாத்திப் பாருங்க. பத்தாவது வருஷப் பணத்தோட இன்றைய மதிப்பு பாதிக்கும் கீழே விழுந்துடும். 30 சரியா, 40 சரியான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது.

கே: அப்போ வி.சி. (ஸ்டார்ட்அப்புல பணம் போடற முதலீட்டாளர்) எப்படித்தான் கணக்குப் போடறாங்க?

ப: கடைசியிலேருந்து பின்னோக்கி வருவாங்க. 6 வருஷம் கழிச்சு கம்பெனி 300 கோடிக்கு விலைபோகும்னு வெச்சுக்குங்க. போட்டது 10 மடங்கா திரும்பணும்னா இன்னிக்கு போஸ்ட்-மணி (அவர் போடற பணமும் சேர்ந்த கம்பெனி மதிப்பு) 30 கோடி. ஆனா நடுவுல இன்னும் 2 ரவுண்ட் முதலீடு வரும். ஒவ்வொண்ணுலயும் 20 சதவீதம் புதுசா வர்றவங்களுக்குப் போனா, இன்னிக்கு வாங்கற பங்கு 0.64 மடங்கா கரைஞ்சிடும். 30-ஐ 0.64-ஆல பெருக்குங்க, 19.2 கோடி. அவர் போடறது 4 கோடின்னா ப்ரீ-மணி (அந்தப் பணம் வர்றதுக்கு முன்னாடி இருக்கற மதிப்பு) 15.2. நிறுவனர்கள் பலர் அந்த 30-லயே நின்னு, அடிமாட்டு விலைக்குக் கேட்கறாங்கன்னு மனசு நொந்துபோறாங்க. வாதாட வேண்டியது 300-ஐப் பத்தி. அதுக்கு ஆதாரம் வேணும். முதல் மாசம் சேர்ந்த வாடிக்கையாளர்கள்ல எத்தனை பேர் ஆறாவது மாசமும் பணம் கட்டறாங்க? எந்த ஷீட் வந்தாலும் நான் முதல்ல தேடற வரி அதுதான்.

கே: 10 மடங்கு பேராசை இல்லையா?

ப: வருஷத்துக்குச் சுமார் 47 சதவீதம் வருது, அதிகம்தான். ஆனா ஒரு ஃபண்டுல பல கம்பெனிகள் முதலையே திருப்பித் தராது. அந்த நஷ்டத்தையெல்லாம் ஜெயிக்கிற ஒண்ணு ரெண்டுதான் ஈடுகட்டணும்.

கே: டெர்ம் ஷீட்ல (முதலீட்டு நிபந்தனைகள் எழுதின தாள்) ப்ரீ-மணி 16 கோடி, முதலீடு 4 கோடி, ஆப்ஷன் பூல் (ஊழியர்களுக்கு ஒதுக்கி வைக்கற பங்கு) 10 சதவீதம். கையெழுத்துப் போடலாமா?

ப: பூல் யார் பங்குலேருந்து போகுதுன்னு முதல்ல படிங்க. முதலீட்டுக்கு முன்னாடியே உருவாக்கணும்னு இருந்தா, 20 கோடி போஸ்ட்-மணியில 2 கோடி உங்க பக்கத்துலேருந்தே போகுது. நிஜத்துல உங்களுக்குக் கிடைச்ச விலை 14 கோடி. அடுத்த 18 மாசத்துல யாரையெல்லாம் வேலைக்கு எடுக்கப்போறீங்கன்னு பேர்பேரா எழுதிக் கூட்டுங்க. 6 சதவீதம் போதும்னு வந்தா அந்தத் தாளோட போய்ப் பேசுங்க.

கே: விலையை ஏத்தித் தர்றாங்க, பதிலுக்கு பார்ட்டிசிபேட்டிங் பிரிஃபரன்ஸ் கேட்கறாங்க.

ப: நான் ஒத்துக்க மாட்டேன். பிரிஃபரன்ஸ்னா கம்பெனி விக்கும்போது போட்ட பணத்தை மத்தவங்களுக்கு முன்னாடி எடுத்துக்கற உரிமை. 20 சதவீதத்துக்கு 4 கோடி போட்டவர். கம்பெனி 10 கோடிக்குத்தான் விலைபோகுது. சாதாரண 1 மடங்கு பிரிஃபரன்ஸ்னா 4 கோடியோட விலகிடுவார். பார்ட்டிசிபேட்டிங்னா 4 கோடியும் எடுத்து, மிச்ச 6-லயும் 20 சதவீதம் வாங்கி, 5.2 கோடியோட போவார்.

கே: நான் ஒரு யூனிகார்ன்ல (100 கோடி டாலர், அதுக்கு மேல மதிப்பு போட்ட ஸ்டார்ட்அப்) ஊழியர். அறிவிச்ச வேல்யுவேஷனை வெச்சு என் பங்கைக் கணக்குப் போடலாமா?

ப: போடாதீங்க. கோர்னல், ஸ்ட்ரெபுலேவ்னு ரெண்டு நிதித்துறை ஆய்வாளர்கள் 135 அமெரிக்க யூனிகார்ன்களை ஆராய்ஞ்சு 2020-ல வெளியிட்ட கட்டுரைப்படி, அறிவிச்ச மதிப்பு நியாயமான மதிப்பைவிட சராசரியா 48 சதவீதம் அதிகம். கடைசியா வந்த முதலீட்டாளரோட பங்குல பிரிஃபரன்ஸ் மாதிரி சலுகைகள் இருக்கு. அந்த விலையையே எல்லாப் பங்குக்கும் போட்டுப் பெருக்கிடறாங்க. உங்ககிட்ட இருக்கறது சாதாரணப் பங்கு. கம்பெனி வித்தா உங்களுக்கு முன்னாடி வரிசையில மொத்தம் எவ்வளவு பிரிஃபரன்ஸ் நிக்குதுன்னு கேட்டு, எழுத்துல வாங்கிக்குங்க.