பிசினஸ் ஸ்கூலின் கோடைச் செய்தி மடலை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: மகள் பாலக்காட்டில் பி.காம். முடித்திருக்கிறாள். ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலில் எம்பிஏ இடம் கிடைத்திருக்கிறது. 'கோடைச் செய்திகள்' என்று ஒரு மடலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். புதிய அனலிடிக்ஸ் பிரிவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம், சர்வதேசத் தரச்சான்று, அதிகபட்சச் சம்பளம் 24 லட்சம் என்று எல்லாம் பெரிதாக இருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் 50,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். எங்களுக்கு மாந்தோப்பு வருமானம்தான். நாங்கள் இந்துக் குடும்பம். மதப் பாடம் கட்டாயமாக இருக்குமா? பணம் கட்டலாமா?
- ஒரு தந்தை, முதலமடை

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். திங்கட்கிழமைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. அந்த மடலில் இல்லாத சில விவரங்களைக் கேட்டு வாங்க அது போதும்.

அதிகபட்சச் சம்பளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 24 லட்சம் என்பது ஒரே ஒரு மாணவர் வாங்கிய சம்பளமாக இருக்கலாம். முதலமடையில் சீசன் ஆரம்பத்தில் முதல் பெட்டிக்கு விழுந்த விலையை வைத்து யாரும் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பதில்லை. சீசன் முழுக்க எந்த விலை நின்றது என்று விசாரித்துத்தான் எடுப்பார்கள். இங்கேயும் அந்த நின்ற விலையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு மீடியன் சம்பளம் என்று பெயர். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கிறவர் வாங்குவது அது. சராசரியை மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள். மேலே இரண்டு மூன்று பேர் பெரிய சம்பளம் வாங்கினாலே சராசரி ஏறிவிடும்.

இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்வி நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டு வைக்க வேண்டும். மகளை உட்கார வைத்து அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். 2 ஆண்டு முதுகலைப் படிப்புக்கான அட்டவணையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள் என்று ஒரே வரிசையில் இருக்கும். மூன்று வருடக் கணக்கு இருக்கும் என்பதால் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல்கலைக்கழகத்துக்கான பொதுக் கோப்பில் எம்.ஏ., எம்.எஸ்சி. படித்தவர்களும் சேர்ந்திருப்பார்கள். மேனேஜ்மென்ட் பிரிவுக்கென்று தனிக் கோப்பு இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் எம்பிஏவுக்கு மட்டும் தனிக் கணக்கு கேளுங்கள்.

அடுத்தது, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது: இந்தக் கோடையில் முதலாண்டு மாணவர்கள் எங்கே போயிருக்கிறார்கள்? எம்பிஏவில் முதல் வருடம் முடிந்ததும், பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், இரண்டு மாத அளவுக்கு சம்மர் இன்டர்ன்ஷிப், அதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை, உண்டு. பிசினஸ் ஸ்கூலின் உண்மையான கோடைச் செய்தி அதுதான். கட்டடத் திறப்பு விழாப் படமோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் படமோ உங்கள் மகளுக்கு வேலை வாங்கித் தராது. இன்டர்ன்ஷிப் போன இடத்தில் நன்றாகச் செய்தால், படிப்பு முடியும் முன்பே அந்த கம்பெனி வேலை கொடுப்பது உண்டு. அதை பிபிஓ (ப்ரீ-பிளேஸ்மென்ட் ஆஃபர்) என்பார்கள்.

போன் செய்து நேராகக் கேளுங்கள். இந்த வருடம் எத்தனை பேருக்கு நிறுவனமே இடம் பிடித்துக் கொடுத்தது? எத்தனை பேர் தாங்களே தேடிக்கொண்டார்கள்? ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) உண்டா? என்ன வேலை கொடுத்தார்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெரிய வங்கியின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் பிள்ளை போய் நின்றது கடன் அட்டைக்கும் டீமேட் கணக்குக்கும் வீடு வீடாக ஆள் பிடிக்கும் வேலையாக இருக்கும். அதிலும் கொஞ்சம் கற்கலாம்தான், ஆனால் அதற்கு லட்சக்கணக்கில் கட்டணம் தேவையில்லை. நல்ல இன்டர்ன்ஷிப் வேறு மாதிரி இருக்கும். ஒரு சோப்பு கம்பெனி மாணவியை பொள்ளாச்சியில் விநியோகஸ்தர் ஒருவரிடம் அனுப்புகிறது என்று வையுங்கள். ஒரு சைஸ் மட்டும் ஏன் கடைகளில் தேங்குகிறது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது ஐம்பது கடை ஏறி இறங்கி, கடைக்காரர் சொல்வதையும் பில் புத்தகம் சொல்வதையும் ஒப்பிட்டு, கடைசியில் மேலாளர்கள் முன் நின்று பேச வேண்டும். அந்த ஒரு வேலையை வைத்து அடுத்த வருட இன்டர்வியூவில் அரை மணி நேரம் பேசலாம்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, அவர்களே அதைப் பெரிதாக நினைப்பதில்லை. முதலமடை, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் என்று இந்த எல்லையோரம் வளர்ந்த பிள்ளை தமிழிலும் மலையாளத்திலும் கடைக்காரரிடம் சரளமாகப் பேசும். கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்த்துப் பார்க்கும் விற்பனைப் பொறுப்புக்கு அது நேரடித் தகுதி. மகளை அதைத் தயங்காமல் விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். தோப்புக் கணக்கு பார்த்த பழக்கம் இருந்தால் அதையும் எழுதட்டும்.

சர்வதேசத் தரச்சான்று விஷயத்தில் ஒரு சொல்லைப் பார்த்துப் படியுங்கள். ஏஏசிஎஸ்பி என்பது பிசினஸ் ஸ்கூல்களுக்குத் தரச்சான்று தரும், 1916ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. அதில் உறுப்பினராக இருப்பது வேறு, அதன் தரச்சான்று பெறுவது வேறு. உறுப்பினராவது சுலபம். தரச்சான்றுக்குப் பல வருட ஆய்வு வேண்டும். இரண்டுக்கும் ஒரே முத்திரைபோலப் படம் போடுவார்கள். ஏஏசிஎஸ்பி தளத்திலேயே தரச்சான்று பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால், போன வருடம் எத்தனை மாணவர்கள் அங்கே போய்ப் படித்தார்கள், செலவு யாருடையது என்று கேட்டால் போதும்.

மதம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். காக்கநாடு ராஜகிரியும் பெங்களூர் கிறைஸ்டும் சிஎம்ஐ என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் நடத்துபவை. சென்னை லிபா, ஜம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ ஆகிய பிசினஸ் ஸ்கூல்கள் இயேசு சபையாருடையவை. எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. நெறிமுறைப் பாடம் இருக்கலாம், அது மதப் பாடம் ஆகாது. தொழிலாளர் உரிமையும் அதில் வரக்கூடும். அதைப் பற்றித் திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ 1891லேயே சுற்றுமடல் எழுதியிருக்கிறார். 1949ல் எக்ஸ்எல்ஆர்ஐ தொடங்கியபோதே தொழிலாளர் உறவு அதன் பெயரில் இருந்தது. கூலியாட்களோடு வேலை செய்து பழகிய வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பாடம் நன்றாகவே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இனி பணம். எம்பிஏ என்பது பல்கலைக்கழகம் தரும் பட்டம், பிஜிடிஎம் என்பது ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) அனுமதியோடு தன்னாட்சி நிறுவனம் தரும் டிப்ளமோ. உங்களுக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தில் எது என்று உறுதி செய்யுங்கள், ஏனென்றால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி அதைப் பொறுத்தது. பிஜிடிஎம் என்றால் ஏஐசிடிஇ விதிப்படி, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பல்கலைக்கழக எம்பிஏ என்றால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல் கொண்டுவந்த விதியில், அறிவித்த கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், 5% வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடித்துக்கொண்டு மீதி முழுவதும் திரும்பும். தேதி நெருங்கினால் 90%, கடந்து 15 நாள் வரை 80%, 30 நாள் வரை 50%. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யுஜிசி இடையிடையே மாணவர்களுக்குச் சாதகமான சுற்றறிக்கையும் விடுகிறது, இந்த வருடத்துக்கு உரியதைப் பாருங்கள். 'கடைசிச் சேர்க்கைத் தேதி எது, விலகினால் எவ்வளவு திரும்பும்' என்று இமெயிலில் கேட்டுப் பதிலை வாங்கிய பிறகே 50,000 கட்டுங்கள். அசல் சான்றிதழ்களை அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

கடனுக்கு உடனே தோப்புப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3% வட்டிச் சலுகையும் உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டா இடத்துக்கு இது கிடைக்காது. பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று வித்யாலட்சுமி தளத்தில் பார்த்துவிட்டு, அக்ஷயா (அரசு இ-சேவை) மையத்தில் வருமானச் சான்றுக்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள். வில்லேஜ் ஆபீஸிலிருந்து வர நாளாகும்.

திங்கட்கிழமைக்குள் மீடியன் கணக்கும் இன்டர்ன்ஷிப் விவரமும் எழுத்தில் வந்து, அவை உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். வராவிட்டால் இந்த வருடமே கேமேட், சிமேட் நுழைவுத் தேர்வுகள் வழியாகக் கேரளத்தின் மற்ற கல்லூரிகளில் இடம் மீதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் காத்திருக்க மகள் தயார் என்றால், எக்ஸ்எல்ஆர்ஐ நடத்தும் எக்ஸ்ஏடி நுழைவுத் தேர்வு ஜனவரி தொடக்கத்தில் நடக்கும், விண்ணப்பம் வழக்கமாக ஜூலை வாக்கில் திறக்கும். அதில் முடிவெடுக்கும் திறன் என்று ஒரு தனிப் பகுதி உண்டு. பழைய வினாத்தாள்களை எடுத்து அந்தப் பகுதியிலிருந்து அவள் பயிற்சியைத் தொடங்கலாம்.