கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்து கோவை அலுவலகக் கணினியில் ஆட்டோகேட் வரைய முடியுமா?

தாராளமாக முடியும். வீட்டு லேப்டாப் பழையதாக இருந்தாலும் கவலை வேண்டாம். தொலைவிலுள்ள கணினியை இயக்க விண்டோஸ் தரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வரைவது, கணக்கிடுவது எல்லாம் கோவைக் கணினிதான். உங்களுக்கு வருவது அதன் திரைக்காட்சி. இங்கிருந்து போவது மவுஸ் அசைவும் விசைத்தட்டலும். ஆனால் அலுவலகக் கணினியில் விண்டோஸ் புரோ வேண்டும். ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காது.

பலரும் இணைய வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். வரைவேலையைக் கெடுப்பது தாமதம். வேலந்தாவளம் தாண்டினால் கோவை என்றாலும், தகவல் கொச்சி, சென்னை என்று சுற்றி வரக்கூடும். அதனால் முதலில் பிங் பாருங்கள், அதாவது தகவல் கோவைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று. 30 மில்லி விநாடிக்குள் இருந்தால் கோடு கையோடு வரும். 100ஐத் தாண்டினால் கர்சர் கைக்குப் பின்னால் இழுபடும். கோட்டின் முனையைப் பிடிக்கவே பொறுமை போய்விடும். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் செருகுங்கள், வித்தியாசம் தெரியும்.

முப்பரிமாண மாதிரியைச் சுழற்றும்போது திணறுகிறதா? கோவைக் கணினியின் குரூப் பாலிசியில் (விண்டோஸ் இயங்கும் விதத்தை மாற்றும் அமைப்புகளின் தொகுப்பு), ரிமோட் இணைப்புகளுக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் அமைப்பை இயக்குங்கள். மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் மங்கினால் அங்கேயே ஏவிசி 444 (திரைக்காட்சியைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) அமைப்பையும் இயக்குங்கள். நிற விவரம் குறையாமல் வரும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு நுழையும் வாசலை, இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் அலைகின்றன. அலுவலக நெட்வொர்க்குக்குள் செல்லும் பாதுகாப்பான தனி வழியான விபிஎன் மூலமாகவே நுழையுங்கள். கோவைக் கணினி தானாக உறங்கிவிடாதபடி ஸ்லீப்பை நிறுத்தி, யுபிஎஸ்ஸிலும் இணைத்துவிடுங்கள். ரவுட்டருக்கும் அதே யுபிஎஸ் வேண்டும்.