மெயில் திரும்பி வருகிறதா? சேர்வரில் கை வைக்க முன் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

“எங்கள் மெயில் ஜிமெயிலுக்குப் போகாமல் திரும்புகிறது, எங்களுக்கு வர வேண்டியதும் வருவதில்லை, சேர்வரை மாற்றலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அண்மையில் யாராவது உங்கள் வலைத்தளத்தைப் புதுப்பித்தார்களா? அநேகமாக அங்கேதான் விஷயம் இருக்கும். உங்கள் டொமைனின் (இணையப் பெயரின்) வலைத்தளம் எங்கே, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடுதான் டிஎன்எஸ். தளத்தை மாற்றும்போது அதிலும் கை வைத்திருப்பார்கள்.

நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு சிறிய விடுதியின் மெயில் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். போன சீசன் தொடங்கும் நேரம் புது வலைத்தளம் போட்டார்கள். செய்த நிறுவனம் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேம்சேர்வரை, அதாவது அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சேர்வரை, தன் பக்கம் மாற்றிவிட்டது. வலைத்தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் ஏ பதிவுகளை மட்டும் கொண்டுபோனார்கள். மெயில் எந்தச் சேர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ், எங்கள் பெயரில் எந்தச் சேர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் மூன்றும் விடுபட்டுவிட்டன.

இது உடனே தெரியவராது என்பதுதான் கொடுமை. டாட் காம் டொமைன்களின் நேம்சேர்வர் விபரம் 172800 செக்கன், அதாவது இரண்டு நாள் வரை, மற்றச் சேர்வர்களின் நினைவில் பழையபடியே இருக்கும். அதனால் ஒருவருடைய மெயில் வரும், இன்னொருவருடையது வராது. முதலாளி, “தம்பி, உங்கட சேர்வர் பழசாப் போச்சு போல” என்றார். இரண்டு இரவு லொக் ஃபைல்களோடு, அதாவது சேர்வர் தான் செய்ததை எழுதிவைக்கும் குறிப்புகளோடு, உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரும் பக்கம் ஒரு பிழையும் இல்லை. எப்படி இருக்கும்? எம்எக்ஸ் இல்லாவிட்டால் அனுப்பும் சேர்வர் டொமைனின் ஏ பதிவைப் பார்த்து அங்கே போகும். அங்கே இருந்தது வலைத்தளத்தின் சேர்வர். மெயில் எங்கள் வாசலுக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா, தனக்குத் திரும்பி வந்த மெயிலைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். வரவேற்பு மேசையில் நின்றபடியே பெரிதாக்கிப் பார்த்தேன். ‘550, அப்படி ஒரு முகவரி இங்கே இல்லை’ என்று இருந்தது. மறுத்த சேர்வரின் பெயர் எங்களுடையது இல்லை. அப்போதுதான் பிடிபட்டது. அன்றே நாங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பியவையும் 550 5.7.26, அதாவது அனுப்பியவர் யார் என்று உறுதியாகவில்லை, என்று திரும்பத் தொடங்கின. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது கேட்கிறது. எங்களிடம் இரண்டுமே இல்லை.

டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையில் எம்எக்ஸைப் புது நேம்சேர்வரிடமே நேரே கேளுங்கள், பிறகு கூகுளின் பொது டிஎன்எஸ் சேர்வரான 8.8.8.8 இடம் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறுபட்டால் பழைய விபரம் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். எங்கள் பிரச்சினை அதன் பிறகும் முடியவில்லை. அந்த நிறுவனம் எம்எக்ஸைத் திரும்பப் போட்டது, ஆனால் தங்கள் தொடர்புப் படிவத்துக்கென்று இரண்டாவது எஸ்பிஎஃப் வரி ஒன்றையும் சேர்த்தது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒன்றாக்கி, டிகேஐஎம்மையும் போடவைத்த பிறகுதான் ஜிமெயில் ஏற்றது. ஐபி முகவரியிலிருந்து சேர்வரின் பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு மட்டும் இதில் தப்பியது, அது ஐபி முகவரி கொடுத்தவரிடம் இருப்பது.

“கூகுள் வேர்க்ஸ்பேஸ் எடுத்திருக்கலாமே” என்று சிலர் எழுதுவீர்கள். கூகுளே மெயிலை நடத்தும் அந்தச் சேவையை எடுத்தாலும் எம்எக்ஸ் இதே டிஎன்எஸ்ஸில்தான் இருக்கும், இதே மாதிரித்தான் காணாமல் போயிருக்கும். எல்லாப் பழியையும் டிஎன்எஸ் மேல் போடவும் இல்லை. டிஸ்க் நிறைந்தாலும் மெயில் நிற்கும், ஆனால் அதை லொக் சொல்லும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் காரணத்தை எழுதிக் கொடுத்தும் முதலாளி கொழும்பில் ஒருவரிடம் கேட்டு, அவரும் அதையே சொன்ன பிறகுதான் நம்பினார். திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த வேலை செய்பவனை பிரிண்டர் திருத்தவும் கமரா பூட்டவும்தான் கூப்பிடுகிறார்கள். அதே வேலைக்குக் கொழும்பிலிருந்து வருபவருக்குப் போக்குவரத்துச் செலவும் கொடுத்து, இறால் கறியோடு சாப்பாடும் போடுகிறார்கள். பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுடையது அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது, திருப்பி எடுக்க ஒன்றரை மாதம் போனது. நேம்சேர்வரை மாற்ற முன் பழைய பதிவுகள் முழுவதையும் படியெடுத்து வையுங்கள். அந்த ஜெர்மன் அம்மா எங்கள் பதிலுக்காக மூன்று நாள் காத்திருந்துவிட்டு, பாசிக்குடாவில் அறை போட்டுவிட்டார். நான்கு அறை, ஆறு இரவு.