திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் துத்தநாக பேட்டரி என்றதும் ஒரு கேள்வி வரும்: டிவி ரிமோட் செல்லிலும் துத்தநாகம்தானே இருக்கிறது? அதைத் திரும்ப சார்ஜ் செய்ய முடியாதது ஏன்?

முக்கியமான தொல்லை துத்தநாகம் திரும்பி வரும் விதத்தில்தான். காரக் கரைசல் உள்ள (அல்கலைன்) செல் வேலை செய்யும்போது துத்தநாகம் அந்தக் கரைசலில் கரைந்து ஆக்ஸைடாகிறது. சார்ஜ் ஏற்றினால் உலோகமாகத் திரும்பும், ஆனால் பழைய இடத்தில் சீராகப் படியாது. மேடாக இருக்கும் இடத்திலேயே மேலும் மேலும் படிந்து முள் போல வளரும். அந்த முள் நடுத் தடுப்பைத் துளைத்து மறுமுனையைத் தொட்டால் உள்ளேயே ஷார்ட். செல் முடிந்தது.

இதற்கு அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. துத்தநாகத்தையே நுண்துளைகள் நிறைந்த பஞ்சு மாதிரி செய்துவிட்டார்கள். மின்னோட்டம் எங்கும் பரவிப் பாய்வதால் முள் முளைப்பது அடங்குகிறது. மறுமுனையில் நிக்கல் வைத்து 2017-இல் அதைக் காட்டினார்கள். இன்னொரு வழி, காரத்தை விட்டுவிட்டு துத்தநாக சல்பேட் போன்ற மென்மையான கரைசலைப் பயன்படுத்துவது. அதிலும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும் சிக்கல் இருக்கிறது.

சரி, லித்தியம் பேட்டரி இருக்க துத்தநாக பேட்டரி எதற்கு? இதன் கரைசல் தண்ணீர்தான், தீப்பிடிக்காது. துத்தநாகம் மலிவு, ராஜஸ்தானிலேயே வெட்டி எடுக்கிறோம். ஒரு அணு இரண்டு எலக்ட்ரான் தரும். மின்னழுத்தம் குறைவு என்பதால் எடை கூடும், அதனால் போனுக்குச் சரிவராது. பகல் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க, ஓரிடத்தில் நிற்கும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டே இல்லை.